கழுவி ஒட்டிய கண்ணாடி

என் அக்காவின் கணவருக்கு வேலையிடத்தில் 'ஒருவேளை' என்று பெயர். வைத்தவர்கள் கம்பி கட்டுகிறவர்கள், கூப்பிடுவது எல்லோரும். வாயைத் திறந்தால் அவருக்கு முதலில் வருவது அந்தச் சொல்தான். ஒருவேளை காற்று அடித்தால், ஒருவேளை கொக்கி நழுவினால், ஒருவேளை கிரேன் ஓட்டுகிறவருக்குத் தலை சுற்றினால். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுகிறேன், அவருக்கு நான் பாப்பா. கோபம் வந்தால் நானும் ஒருவேளை என்றுதான் சொல்வேன், அவர் காதில் விழாத தூரத்தில்.

கட்டடம் கட்டுகிற இடத்தில் என்னவெல்லாம் கெட்டுப்போகலாம் என்று முன்கூட்டியே யோசித்து அதற்கு வழி பண்ணுவதுதான் அவர் வேலை. இதற்கெல்லாம் ஒரு ஆளா என்று கேட்பவர்கள் உண்டு. நானே கேட்டிருக்கிறேன். அதே இடத்தில், தகர ஷெட்டில் இருக்கிற ஆபீஸை நான் பார்த்துக்கொள்கிறேன். வரைபடங்களைச் சுருட்டி அடுக்குவது, சிமென்ட் லாரிக்குப் போன் போடுவது, மேனேஜர் கத்தும்போது காதைக் கழற்றி வைத்துவிடுவது. தங்கியிருப்பதும் அக்கா வீட்டில்தான். ஆக, இந்த மனுஷனிடமிருந்து எனக்கு வீட்டிலும் விடுதலை இல்லை, வேலையிலும் இல்லை.

அவர் ஏன் இப்படி என்று புதிதாக வருகிறவர்கள் என்னிடம் ரகசியமாக விசாரிப்பார்கள். கூட வேலை பார்த்தவன் யாராவது கண்முன்னால் விழுந்து செத்திருப்பான், அதிலிருந்து இப்படி ஆகிவிட்டார் என்று கதை எதிர்பார்ப்பார்கள். அப்படி ஒரு கதையும் கிடையாது. பிறவிக் குணம். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது மின்விசிறியின் கொக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். "ஏன், காத்து வேணாமா?" என்றார் அப்பா. "இல்லைங்க, கொக்கி தேஞ்சிருக்கு" என்றார் இவர். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது.

இப்போது அக்கா அவ்வளவாகச் சிரிப்பதில்லை. அடுப்பில் பால் வைத்தால் இவர் பக்கத்தில் போய் நிற்பார். பால் பொங்கி வழிந்த சரித்திரமே அந்த வீட்டில் இல்லை. ஆனாலும் நிற்பார். "உங்களுக்கு எங்கயும் இருப்பே கொள்ளாதா? நான் என்ன பாலா காய்ச்சுறேன், வெடிமருந்தா காய்ச்சுறேன்?" என்பாள் அக்கா. அவர் அடுப்பைக் கொஞ்சம் குறைத்து வைப்பார்.

ஆபீஸில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. வாரத்தின் முதல் நாள் எல்லோரும் அதன் முன்னால் கூடுவோம். ஒவ்வொரு ஆபத்துக்கும் இரண்டு எண். நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண். நடந்தால் அடி எவ்வளவு என்று இன்னொரு எண். இரண்டையும் பெருக்கி வருவது ஒரு அளவுக்கு மேலே போனால் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இது ஏட்டில். நடப்பில் அது காய்கறிக் கடை. அத்தான் நாலு என்பார். மேனேஜர் ரெண்டு என்பார். "மூணு போட்டுக்கலாம் சார், உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம்" என்று பேரம் படியும். படிகிற விலை எப்போதும் வேலை நிற்காத அளவுக்கு ஒரு படி கீழே இருக்கும். மேனேஜர் கெட்டவர் இல்லை. குறித்த தேதிக்குள் கட்டி முடிக்காவிட்டால் அவர் தலைதான் முதலில் உருளும். அவருக்கும் ஒரு பயம் இருந்தது. அது அத்தானின் பயத்துக்கு எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

பேரத்துக்கு வெளியே அத்தானுக்கு ஒரு அதிகாரம் உண்டு. உடனடி ஆபத்து என்று பட்டால் யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தலாம். அதை அவர் இரண்டு தடவை பயன்படுத்தியிருந்தார். ஒரு தடவை, பெருங்காற்று வரும் என்று கிரேனை நிறுத்தினார். அன்றைக்கு ஒரு காகிதம்கூட அசையவில்லை. இன்னொரு தடவை, கூரைக் கான்கிரீட்டைத் தாங்குகிற முட்டுகள் நிற்கும் மண் இளகியிருக்கிறது என்று நிறுத்தினார். தோண்டிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. கலந்து வந்த கான்கிரீட் லாரியிலேயே இறுகிப் பாழாய்ப் போனது. மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நான் பக்கத்து மேஜையில் இருக்கிறேன் என்பதைக்கூட மறந்து, "புலி வருது புலி வருதுன்னு ரெண்டு தடவை ஆச்சு சார். மூணாவது தடவையும் புலி வரலைன்னா, மேலிடத்துல வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிட்டாங்க" என்றார். அத்தான் தலையாட்டினார். வீட்டில் அக்காவிடம் சொல்லவில்லை. நான் சொன்னேன். எனக்கு வயிற்றில் எதுவும் தங்காது.

கட்டடத்துக்கு அடியில் வண்டிகள் நிறுத்த ஆழமாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். குழியின் ஒரு மூலையை ஒட்டினாற்போல ஒரு தையல்காரம்மாவின் வீடு. ஓட்டு வீடு, முன்னறைதான் தையல் கடை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். கணவர் இல்லை, மகள்கள் தூரத்தில். தோண்டத் தொடங்கியதும் அந்த முன்னறைச் சுவரில் மயிரிழையாக ஒரு விரிசல் விட்டது. அத்தான் விரிசலின் குறுக்கே நாலு இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சிமென்ட் வைத்து ஒட்டினார். எளிய உபாயம்தான். சுவர் துளி அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். தினமும் காலையில் வேலைக்குள் நுழைவதற்கு முன் அங்கே போய் நாலு கண்ணாடியையும் பார்ப்பார். நாலும் முழுசாக இருந்தால்தான் மனுஷனுக்குத் தேநீர் இறங்கும்.

தையல்காரம்மாவுக்கு விரிசல்தான் பெரிதாகத் தெரிந்தது. துணி கொடுக்க வருகிறவர்கள் சுவரைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்று ஆபீஸுக்கு வந்து சண்டை போட்டார். அத்தான் அதையும் பலகையில் ஏற்றினார். 'பக்கத்து வீட்டுச் சுவர் அசைவு' என்று மேலே ஒரு வரி. 'பக்கத்து வீட்டுப் புகார்' என்று அதற்குக் கீழே ஒரு வரி. புகாருக்கு வாய்ப்பு ஐந்து போட்டார். மேனேஜர் அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் பேரம் பேசவில்லை.

வார விடுமுறை அன்று மழை கொட்டித் தீர்த்தது. அத்தான் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"குழியில தண்ணி எறைக்க பம்ப் இருக்குல்ல?" என்றாள் அக்கா.

"இருக்கு."

"ஆள் இருக்காருல்ல?"

"இருக்காரு."

"அப்புறம் என்ன? வந்து உக்காருங்க."

"டீசல் இருக்கான்னு கேக்கல."

போன் போட்டுக் கேட்டார். இருந்தது. மறுபடியும் நடந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் வண்டியில்தான் நானும் போனேன். வழக்கம்போல முதலில் தையல்காரம்மா வீடு. கதவைத் திறந்தவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. தைத்து முடித்த நீலப் பாவாடைகளை ஒதுக்கிவிட்டு எங்களை உள்ளே கூட்டிப் போனார். சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. விரிசலைக் காணோம். அதன் மேல் நாலு கண்ணாடியும் முழுசாக, மினுமினுவென்று இருந்தன.

"சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிச்சுப் போச்சு தம்பி. கடைசியில உங்க மேனேஜர் கொத்தனாரை அனுப்பிட்டாரு. நேத்து மழையிலயும் வந்து பூசிக் குடுத்துட்டுப் போனாரு."

அத்தான் சுவரையே பார்த்தார். "கண்ணாடிய என்ன பண்ணாரு?"

"அத மட்டும் விட்டுருவாரா? பொறுப்பான மனுஷன். பதமாப் பேத்தெடுத்து, கழுவித் தொடச்சு, பூசி முடிச்சு அந்தந்த எடத்துலயே ஒட்டிட்டாரு. ஒன்னு மட்டும் ஒடஞ்சிருந்துச்சு. அதுக்குப் புதுசா வெட்டி வச்சிருக்காரு. எது புதுசுன்னு சொல்லு பாப்போம்."

பேர்த்து மறுபடி ஒட்டிய கண்ணாடி, மழையில் சுவர் அசைந்ததா என்று இனி சொல்லாது. எனக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அத்தானுக்கு ஆகவில்லை. விரல் நுனியால் ஒவ்வொரு கண்ணாடியாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார், மெதுவாக: "ஒடஞ்சிருந்துச்சா, எடுக்கும்போது ஒடஞ்சுச்சா?"

"ஒடஞ்சிருந்துச்சுன்னுதான் நெனக்கிறேன். நான் எங்க பாத்தேன், மெஷின்ல இருந்தேன்."

கொத்தனாரைத் தேடிப் பிடித்தோம். அவர் மனசார வேலை செய்கிறவர், அதுதான் வம்பாகப் போயிற்று. விரிசலின் மேலே சும்மா பூசிவிட்டுப் போயிருந்தால்கூடச் சுரண்டிப் பார்த்திருக்கலாம். கலவை பிடிக்க வேண்டும் என்று விரிசலை உளியால் கொத்தி, அகலப்படுத்தி, அதற்கப்புறம் அடைத்திருந்தார். பழைய விரிசல் எவ்வளவு இருந்தது என்று இனி யாரும் அளக்க முடியாது.

"அந்த ஒடஞ்ச கண்ணாடி" என்றார் அத்தான்.

கொத்தனார் கையில் ஒட்டியிருந்த வெள்ளையைச் சுரண்டினார். "உளி பட்டு ஒடஞ்ச மாதிரியும் இருக்கு சார். அதுக்கு முன்னாடியே கீறல் இருந்த மாதிரியும் இருக்கு. அத ஒரு விஷயம்னு நெனச்சிருந்தா பாத்திருப்பேனே. நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே."

உண்மை. எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்கிற மனுஷன், இதைக் கொத்தனாரிடம் சொல்லவில்லை. பூச்சு வேலைக்கும் குழிக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்குத் தோன்றும்?

நேராக மேனேஜரிடம் போனார். பின்னாலேயே நான் ஓடினேன். மேனேஜருக்கு முதலில் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. பலகையின் இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"நீங்கதானே சார் எழுதுனீங்க. புகார், வாய்ப்பு அஞ்சு, உடனே சரி பண்ணணும்னு. உங்க பேச்ச நான் கேக்கறதே இல்லைன்னு சொல்வீங்க. ஒரு தடவை கேட்டேன்."

ஒரு வரிக்குச் செய்த வைத்தியம் அதற்கு மேல் வரியைக் கொன்றுவிட்டது. இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான். எனக்கு அந்தப் பலகையைத் தூக்கி வெளியே போடலாம் போல இருந்தது.

அன்றைக்குத் தோண்ட வேண்டியது அந்த வீட்டை ஒட்டிய கடைசி மூலை. மண்வெட்டும் இயந்திரம் ஏற்கெனவே இறங்கி உறுமிக்கொண்டிருந்தது. அத்தான் குழியின் விளிம்புக்குப் போய் இரண்டு கையையும் தூக்கிக் குறுக்கே ஆட்டினார். இயந்திரம் அடங்கியது. வேலை செய்கிற அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "வந்துருச்சுடா புலி" என்று எவனோ சொல்ல, ஒரு சிரிப்பு ஓடியது.

மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றார். சத்தம் போடவில்லை. "இது மூணாவது சார்."

"தெரியும்."

"ஒருவேளைய விட்டுட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தச் சுவர் விழுமா, விழாதா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எதுக்கு நிறுத்துறீங்க?"

"நேத்து வரைக்கும் தெரிஞ்சிருந்துச்சு சார். இன்னைக்குத் தெரியல. அதான்."

அந்த மூலையில் ஏற்கெனவே தோண்டிய இடத்தில் மண்ணைத் திரும்பக் கொட்டி, சுவருக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி மூட்டை மூட்டையாக அடுக்கச் சொன்னார். அதுவரை வீட்டில் யாரும் இருக்கக் கூடாது என்றார். தையல்காரம்மா மாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துகொண்டார். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, உருப்படி மலை மாதிரி கிடக்கிறது, இந்த நேரத்தில் எங்கே போவது? "இப்பத்தான் செவுரு அழகா இருக்கு, இப்பப் போய் வெளிய போங்கிற. உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்றார். அத்தான் தையல் இயந்திரத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். இயந்திரம் போகிற பக்கம்தானே அந்த அம்மாவும் போக வேண்டும்? திட்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

என் ஆபீஸில் பாதி போயிற்று. வரைபடங்கள் இருந்த மேஜையில் பாவாடைத் துணி. ஒரு பக்கம் நான் போனில் லாரிக்காரரிடம் கத்த, மறுபக்கம் அந்த அம்மா மெஷினை மிதிக்க, நடுவில் மேனேஜர் நூல் சிக்கிய செருப்போடு போய்வந்தார். ராத்திரிக்கு அக்கா வீட்டில் படுக்கை. அக்காவுக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று. அத்தானைத் திட்ட அவளுக்கு ஒரு துணை கிடைத்தது.

அத்தான் மட்டும் அந்தக் காலி வீட்டுக்கு எதிரே நின்றார். மண் மூட்டை அடுக்குகிற ஆட்கள் வருவார்கள், போவார்கள். இவர் நின்றார், நடந்தார், மறுபடி நின்றார். சாப்பாட்டை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். போகிற வருகிறவர்களும் நின்று பார்த்தார்கள். வீடு நின்றது. ஒரு ஓடுகூடச் சரியவில்லை. கூரையில் ஒரு பூனை வந்து படுத்துத் தூங்கியது. அந்தப் பூனையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மண் அடைத்து முடிந்ததும் வெளியிலிருந்து ஒரு பொறியாளரை வரவழைத்தார்கள். பூச்சைக் கொத்திப் பார்த்தார். கொத்தனாரின் உளித் தடம்தான் இருந்தது. "இப்ப முட்டு இருக்கு, அசையாது. இத வச்சுக்கிட்டே பக்குவமா மிச்சத்தத் தோண்டலாம்" என்றார்.

"முன்னாடி அசைஞ்சுதா சார்?" என்றார் மேனேஜர்.

"அத எப்படிச் சொல்றது? அதுக்குத்தானே கண்ணாடி ஒட்டுவாங்க."

அவ்வளவுதான். மேனேஜர் அத்தானைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். சரின்னு சொல்ல என்கிட்ட ஒன்னும் இல்ல. மேல கேக்கறாங்க, நான் எதக் காட்டட்டும்?" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அத்தானின் வேலை போயிற்று. நான் அன்று எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன், லாரிக்காரர் உட்பட.

அத்தானின் கடைசி வேலை நாளில் தையல்காரம்மா வீடு திரும்பினார். இயந்திரத்தை அத்தானே தூக்கி வந்தார். பாவாடை மூட்டை என் தலையில். வாசல்படி வரை வந்த அந்த அம்மா அங்கேயே நின்றுவிட்டார். அதுவரை திட்டித் தீர்த்தவருக்கு இப்போது கால் எழவில்லை.

"தம்பி, அவங்க எல்லாம் போகலாம்னு சொல்லிட்டாங்க. நீ சொல்லு."

அத்தான் உள்ளே போய் இயந்திரத்தை அதன் இடத்தில் இறக்கினார். பிறகு அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா உள்ளே வந்து, தைக்க உட்கார்ந்தார். நான் நிலைப்படியில் நின்றேன்.

"அம்மா, ஒன்னு சொல்லணும்" என்றார் அத்தான். "நீங்க இல்லாதப்ப இங்க வந்து நின்னுக்கிட்டே இருந்தேன்ல. காவலுக்கு நின்னேன்னு நெனச்சிருப்பீங்க. விழுந்துட்டா நல்லாருக்கும்னு நெனச்சுக்கிட்டு நின்னேன். உள்ள ஆள் இல்ல. யாருக்கும் அடி படாது. நான் சொன்னது சரின்னு ஆயிடும்."

மெஷின் நின்றது. இதை ஏன் இந்த மனுஷன் சொல்கிறார், யார் கேட்டார்கள்?

"என் வீடு விழணும்னா நெனச்ச?"

"ஆமா."

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார். கண் சிவந்துவிட்டது. அழுவாரா, கத்தரிக்கோலை எடுப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் துணியைத் திருப்பிப் போட்டு ஊசிக்கு அடியில் வைத்தார்.

"அங்கேயே உக்காரு. நான் எழுந்திரிக்கச் சொல்ற வரைக்கும் அந்தச் செவுத்துலயே சாஞ்சு உக்காரு."

உட்கார்ந்தார். பகல் முழுக்க உட்கார்ந்தார். குழியில் மறுபடி இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது. அது மண்ணைக் கடிக்கும்போதெல்லாம் தரையில் ஒரு நடுக்கம் வரும், அவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்த அம்மா நிமிர்ந்து பார்ப்பார், மறுபடி மிதிப்பார். வேலை நேரத்தில் நான் ஏதோ சாக்குச் சொல்லிச் சொல்லி வந்து எட்டிப் பார்த்தேன். சாயங்காலம்தான் "போ, உன் பொண்டாட்டி தேடுவா" என்று விட்டார்.

வண்டியை எடுக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. "இன்னைக்கு என்ன நெனச்சீங்க அத்தான்? விழணும்னா, விழக்கூடாதுன்னா?"

"விழக்கூடாதுன்னுதான். ஒவ்வொரு அதிர்வுக்கும்."

"உள்ள உக்காந்திருந்தா யாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

சாவியைப் போட்டவர் திருகாமல் என் பக்கம் திரும்பினார்.

"இதத்தான் பாப்பா, மேனேஜர்கிட்ட எனக்குச் சொல்லத் தெரியாம போச்சு" என்றார்.